தராசு இல்லாமல் நிறுக்கும் கராஜ்களும் அதற்குப் பணம் கொடுக்கும் நாமும்

வியாபாரப் பக்கத்தில் வாகன எஞ்சினைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று வாசகர்கள் கேட்கக் கூடும். கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஆட்களின் சம்பளம் எல்லாவற்றையும் நாம் கணக்குப் புத்தகத்தில் தனித்தனியாக எழுதுகின்றோம். கராஜுக்குக் கொடுக்கும் காசு மட்டும் 'வேன் செலவு' என்ற ஒரே வரியில் போய் முடிந்து விடுகின்றது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வீண் பணம் ஒளிந்திருந்தது என்பதை நான் பிந்தித்தான் கண்டுகொண்டேன். அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

எனது கடை பட்டிப்பொலயில். இலங்கையிலேயே ஆக உயரத்தில் இருக்கும் புகையிரத நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு வாங்கிக் கீழே அனுப்புவதும், கண்டியிலிருந்து அரிசி, மா, சீனி ஏற்றி மேலே கொண்டு வருவதும் எனது தொழில். போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை. வரும் சுமைதான் கடினம். கண்டியிலிருந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று நுவரெலியா வரைக்கும் ஏறிக்கொண்டே வர வேண்டும். அந்த ஏற்றத்தைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்களது ஜப்பான் பெற்றோல் வேன் அந்த ஏற்றத்தில் மக்கர் பண்ணத் தொடங்கியது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. இறம்பொடை தாண்டியதும் மிதிக்க மிதிக்க இழுவை இல்லாமல் திக்கித் திணறும். 'செக் எஞ்சின்' லைட்டும் பற்றி எரியும். ஒரு நாள் இருபத்தைந்து மூடை அரிசியுடன் வந்த சாரதி வளைவொன்றில் நிறுத்திவிட்டு, "நானா, இனி இது ஏறாது போல" என்று தொலைபேசியில் சொன்னபோது மணி இரவு ஒன்பது. அன்று பாதிச் சுமையை வேறு லொறியில் மாற்றி ஏற்ற எனக்கு ஏற்பட்ட செலவையும் அலைச்சலையும் எழுதப் போனால் இந்தப் பத்தி போதாது.

அதன் பிறகு மூன்று கராஜ்கள். மூன்றிலும் ஒரே நடைமுறைதான். உள்ளங்கை அளவிலான சிறிய கருவியை வேனில் சொருகி, 'பி0171' என்று ஓர் எண்ணைக் காட்டினார்கள். "லீன் ஓடுது, ஒக்சிசன் சென்சர் போயிட்டு" என்றார்கள். சென்சர் மாற்றினோம். லைட் அணைந்தது. இரண்டு வாரத்தில் மீண்டும் எரிந்தது. அடுத்த கராஜில் பிளக்கும் கொயிலும். அதற்கடுத்த கராஜில், முன்பு போட்ட சென்சர் போலி என்று சொல்லி இன்னொரு சென்சர். எல்லாமாகச் சேர்த்து 92,000 ரூபா. வேன் இறம்பொடையில் அப்படியே திணறிக்கொண்டிருந்தது.

இப்போது எனக்கு விளங்கும் அளவுக்கு அந்த எண்ணின் கதையைச் சொல்கின்றேன். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் 92,000 ரூபா கட்டணம் செலுத்திப் படித்த பாடம் என்பதால் சற்று விரிவாகவே படித்திருக்கின்றேன்.

பெற்றோல் எஞ்சினுக்குள் ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதனை விடக் கூடினால், அல்லது பெற்றோல் குறைந்தால், அதுதான் லீன். மறுபக்கம் போனால் ரிச். இந்த அளவைச் சரி பார்ப்பதற்காகப் புகைக் குழாயில் பொருத்தப்பட்டிருப்பதே ஒக்சிசன் சென்சர். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சர் 1976இல் முதன்முதலாக வொல்வோ காரில் வந்தது. எரிந்து வெளியே போகும் புகையில் ஒக்சிசன் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதை மட்டுமே அது முகர்ந்து பார்த்துச் சொல்லும். மிச்சம் அதிகமானால் 0.1 வோல்ட் அளவில் இறங்கி நிற்கும், குறைந்தால் 0.9 வரை ஏறும். அதனைக் கேட்டு வேனின் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும். எவ்வளவு கூட்டுகின்றது, எவ்வளவு குறைக்கின்றது என்பதை நூற்றுவீதமாக ஓர் எண்ணில் எழுதி வைக்கும். அதற்குப் பெயர் 'பியுவல் ட்ரிம்'. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் கூடிக் குறைந்தால் பயமில்லை. கூட்டிக் கூட்டி இருபது, இருபத்தைந்துக்குப் போன பிறகும் சென்சர் 'போதாது, போதாது' என்றால், கணினி கையை விரித்து பி0171 என்ற எண்ணைப் பதிந்து லைட்டை எரிய விடும்.

ஆகவே அந்த எண்ணின் அர்த்தம் "சென்சர் பழுது" என்பதல்ல. "என்னால் முடிந்தவரை பெற்றோல் கூட்டிப் பார்த்தேன், இன்னும் லீனாகவே இருக்கின்றது" என்பதுதான். பெரும்பாலும் சென்சர் தனது வேலையைச் சரியாகச் செய்வதால்தான் அந்த எண்ணே வருகின்றது. கடையில் சரக்குக் குறைகின்றது என்று வந்து சொன்ன பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, புதுப் பையனை வைப்பது போன்றதுதான் நாங்கள் இரண்டு தடவை செய்த வேலை. லைட் இரண்டு வாரம் அணைந்திருந்ததற்கும் புதுச் சென்சருக்கும் சம்பந்தமே இல்லை. கருவியால் பழைய பதிவை அழித்தார்கள். கணினி மீண்டும் முதலிலிருந்து பார்த்து, அதே முடிவுக்கு வர இரண்டு வாரம் எடுத்தது, அவ்வளவுதான்.

நான்காவதாக நுவரெலியாவில் ஓர் இளைஞரிடம் போனேன். தோட்டத்துப் பிள்ளை, கொழும்பில் வேலை பழகி ஊருக்குத் திரும்பி வந்தவர். வேனைப் பார்க்க முன்னரே, "சோதிக்க 4,500 ரூபா எடுப்பேன் முதலாளி. சாமான் மாத்தினாலும் மாத்தாட்டியும் அது வேற" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாமானே மாற்றாமல் காசா என்று கேட்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. "வேன் நிக்கும்போது சுகமாத்தான் இருக்கு. சுமை ஏத்தினாத்தான் மூச்சு வாங்குது. சுமையோட பார்த்தாத்தானே தெரியும்?" என்றார்.

மூன்று கராஜ்களில் ஒருவராவது வேனை ஏற்றத்துக்குக் கொண்டு போனார்களா என்று அப்போதுதான் யோசித்தேன். இல்லை. எல்லோரும் கராஜ் வாசலில் நிறுத்தி வைத்து, எஞ்சினைச் சும்மா ஓட விட்டுப் பார்த்தவர்கள்தான்.

அந்தத் தம்பி பெற்றோல் போகும் குழாயில் ஓர் அமுக்கமானியைப் பொருத்தி, அதன் நீண்ட குழாயை வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் மானி தெரியும்படி டேப் ஒட்டினார். ஸ்கேன் கருவியை மடியில் வைத்துக் கொண்டார். பத்து மூடை மாவையும் ஏற்றிக்கொண்டு லபுக்கலைக்குக் கீழே இறங்கித் திரும்பி ஏறினோம். எஞ்சின் சும்மா ஓடும்போது ட்ரிம் மூன்று. சமதரையில் எட்டு. ஏற்றத்தில் இருபத்திரண்டு. பிறகு சாரதியை முழுதாக மிதிக்கச் சொன்னார். அப்படி மிதிக்கும்போது கணினி வேண்டுமென்றே பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், சென்சர் 0.8, 0.9 என்று மேலே நிற்க வேண்டும். எங்கள் வேனில் அது 0.1இலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒட்டிய மானியோ 3 பாரில் இருந்து 2க்குக் கீழே விழுந்து கொண்டிருந்தது. நான் படித்தவனல்ல, ஆனாலும் அந்த முள் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கே விளங்கி விட்டது. எஞ்சினுக்குக் காற்று அதிகமில்லை, பெற்றோல்தான் வந்து சேரவில்லை.

தாங்கியை இறக்கிப் பார்த்தால், பம்பின் வாயில் மாட்டியிருக்கும் வலைப்பை துருவும் கறுப்புச் சேறும் பிடித்து, பழைய தேயிலைச் சாக்கைப் போல இருந்தது. சும்மா ஓடுவதற்குத் தேவையான சொட்டுப் பெற்றோல் அதன் வழியே வரும். ஏற்றத்துக்குத் தேவையான அளவு வராது. வலைப்பை, பில்டர், தாங்கி கழுவிய கூலி எல்லாம் 11,500 ரூபா. அன்றிலிருந்து வேன் ஏறுகின்றது.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று அந்தத் தம்பி கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதி விடுகின்றேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கிடைத்த நேரத்தில் கிடைத்ததை வாங்கி, ஒரு பழைய இரும்பு பீப்பாயில் ஊற்றி வைத்திருந்தேன். சட்டப்படியும் பிழை, பாதுகாப்புப்படியும் பெரும் பிழை. கியூஆர் முறை வந்து அளவாகப் பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும், பீப்பாயின் அடியில் கிடந்ததை வீணாக்க மனமில்லாமல் வேனுக்குள்ளேயே ஊற்றினேன். மிச்சம் பிடித்த அந்தச் சில லீற்றருக்கு இரண்டு வருடம் கழித்து நான் கொடுத்த விலைதான் மேலே சொன்ன கணக்கு.

எல்லா லீனும் பெற்றோல் குறைவால் வருவதல்ல. எண்களின் போக்கைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். எனது வேனில் சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, சுமையில் கெட்டது. அதற்கு நேர்மாறாக, சும்மா ஓடும்போது ட்ரிம் இருபதைத் தாண்டி, வேகம் கூட்டினால் சரியாகி விடுகின்றதென்றால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தோ கழன்றோ, அளக்கப்படாத காற்று உள்ளே போகின்றது என்று சந்தேகிக்க வேண்டும். சிறு ஓட்டைக் காற்று, எஞ்சின் மெதுவாக மூச்சு விடும்போது பெரிய பங்கு. வேகமாக மூச்சு விடும்போது அது ஒரு பொருட்டல்ல. காற்றை அளக்கும் சென்சரில் தூசு படிந்தாலும் லீன் வரும், ஏனெனில் அது வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும், கணினியும் அதற்கேற்பக் குறைத்தே பெற்றோல் கொடுக்கும். மலிவான எயார் பில்டர் போடுபவர்கள் இதனைக் கவனிக்கவும். (குழாய் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சினில் எரியும் திரவத்தைத் தெளித்துப் பார்ப்பவர்கள் இருக்கின்றார்கள். எனது வேனுக்குக் கிட்டே அப்படி யாரையும் வர விட மாட்டேன்.)

பொய்ச் சாட்சியும் உண்டு. சென்சருக்கு முன்னால் புகைக் குழாயில் வெடிப்பு இருந்தால் வெளிக் காற்று உள்ளே இழுபடும். ஒரு பிளக் பற்றாமல் விட்டாலும் எரியாத ஒக்சிசன் அப்படியே வெளியே போகும். இரண்டிலும் சென்சர் லீன் என்றுதான் சொல்லும். உண்மையில் பெற்றோல் போதுமானதாக இருக்கும், கணினி மேலும் மேலும் கூட்டும். லீன் என்று எழுதிக் காட்டும் வேன் கறுப்பு பிளக்குடன் பெற்றோலைக் குடித்துக் கொண்டிருக்கும். இத்தனை வழிகள் இருக்கையில், ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒரு சாமானின் பெயரைச் சொல்பவரை எப்படி நம்புவது?

எங்கள் மலையகத்துக்கு என்று தனியாக ஒரு லீன் வியாதியும் இருக்கின்றது. இன்னும் காபரேட்டர் வைத்த பழைய வேன்கள் இப்பக்கங்களில் ஓடுகின்றன. பட்டிப்பொல உயரத்தில் காற்றின் அமுக்கம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கணினி உள்ள வாகனம் அதனை அறிந்து பெற்றோலைத் தானே குறைத்துக் கொள்ளும். காபரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கொழும்பில் சரியாக வைத்த காபரேட்டர் இங்கே ரிச்சாகி, கறுப்புப் புகை விட்டுப் பெற்றோல் குடிக்கும். உடனே நாங்கள் என்ன செய்வோம்? பக்கத்துக் கராஜில் ஜெட்டைச் சிறிதாக்கி ஸ்குரூவை இறுக்கச் சொல்வோம். இங்கே நன்றாகவே ஓடும். பெற்றோலும் மிச்சம். அதே வேன் மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொட மெனிங் சந்தைக்கு இறங்கும்போது காற்று அடர்த்தியாகும், பெற்றோலோ மலைக்கு வைத்த அளவுதான். கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு லீனாகிவிடும். அந்த நிலையில் சூட்டிலும் சுமையிலும் மணிக்கணக்கில் மிதித்தால் எஞ்சின் தட்டும், சூடேறும், கடைசியில் வால்வ் எரியும். இறங்கும்போது வேன் இலேசாக ஓடுகின்றது என்று சந்தோஷப்பட்டு, மாதம் முடியுமுன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் ஸ்குரூவைச் சந்தேகிக்கவில்லை. கொழும்புப் பெற்றோலைத்தான் குறை சொன்னார்கள்.

லீன் என்றால் பெற்றோல் மிச்சம்தானே என்று வாதிடுபவர்களும் இருக்கின்றார்கள். சும்மா ஓடும் எஞ்சினுக்கு அந்தக் கணக்கு ஒருவேளை பொருந்தலாம். சுமை இழுக்கும் எஞ்சினுக்கு அது பிஸ்டனிலும் வால்விலும் எடுக்கும் கடன். 92 ஒக்டேனுக்குப் பதில் 95 அடித்தால் சரியாகும் என்பதும் வெறும் பேச்சு. ஒக்டேன் தட்டுதலைத் தள்ளிப் போடுமே தவிர, வராத பெற்றோலை வர வைக்காது.

இதெல்லாம் முன்பு பெரிய விடயமாக இருக்கவில்லை. வேன் தொல்லை கொடுத்தால் விற்றுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த இன்னொன்றை வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியையும் டொலர் விலையையும் சேர்த்துப் பார்த்தால், எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரனுக்குப் புதிய வேன் என்பது எட்டாத கனி. கையில் இருப்பதை இன்னும் பத்து வருடம் ஓட்டியாக வேண்டும். அப்படியானால் அதனைத் திருத்துபவரின் முறையும், நாம் அவருக்குப் பணம் கொடுக்கும் முறையும் மாற வேண்டும் என்பதே எனது கருத்து.

கராஜ்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் அந்தத் தம்பியிடம் 4,500 ரூபாவுக்கு முகம் சுளித்தவன். அதற்கு முன் 92,000 ரூபாவைப் பேரம் கூடப் பேசாமல் கொடுத்தவன். காரணம், அந்த 92,000க்குக் கையில் பிடித்துப் பார்க்கும் பெட்டிகள் வந்தன. வியாபாரிகளாகிய எமக்குப் பொருளுக்கு விலை கொடுத்துத்தான் பழக்கம். நாமும் எமது உழைப்பைப் பொருளின் விலைக்குள் வைத்துத்தானே விற்கின்றோம்? கராஜ்காரரும் அதனைத் தெரிந்து வைத்திருக்கின்றார். இரண்டு மணித்தியாலம் சோதித்து "ஒரு குழாய்தான் கழன்றிருந்தது, சொருகி விட்டேன்" என்று உண்மையைச் சொன்னால் நாம் ஐந்நூறு ரூபாவை நீட்டுவோம். சென்சர் மாற்றினேன் என்றால் முப்பதாயிரம் கொடுப்போம். பிறகு அவர் எதனைச் செய்வார்? உண்மை சொல்பவருக்கு நட்டமும், சாமான் விற்பவருக்கு இலாபமும் வரும்படி இந்தச் சந்தையை ஒழுங்கு பண்ணியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாமேதான். அளவையிலும் நிறுவையிலும் கவனமாக இருக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடையில் தராசு இல்லாமல் ஒரு கிலோ பருப்பு விற்க மாட்டோம். கராஜில் மட்டும் மானி வைக்காமல், எண் எழுதாமல், கைப்பார்வையில் சொல்வதற்கு ஒரு மாத வருமானத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றோம்.

சோதனைக்குக் கூலி கொடுத்தாலும் ஏமாற்றுபவன் ஏமாற்றத்தான் செய்வான் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் இப்போது கூலியோடு சேர்த்து எண்களையும் கேட்கின்றேன். நிற்கும்போது ட்ரிம் எவ்வளவு, 2,500 சுற்றில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, பெற்றோல் அமுக்கம் எவ்வளவு. திருத்திய பிறகு அதே நான்கு எண்களும். ஒரு சிட்டையில் எழுதினால் போதும். எண் மாறாவிட்டால் வேலை முடியவில்லை. இதனைப் புரிந்து கொள்ளப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. கையிருப்புக் கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கு இதுவும் விளங்கும்.

வருடாந்தம் வாகன வரிப் பத்திரம் எடுக்க முன்னர் புகைப் பரிசோதனைக்குப் போகின்றோமே, அங்கே தரும் தாளையும் நாம் 'பாஸ்' என்ற சொல்லுக்கு மேல் வாசிப்பதில்லை. பெற்றோல் வாகனத்துக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அதில் எண்களாக இருக்கும். முதலாவது குறைவாகவும் இரண்டாவது வருடா வருடம் கூடிக்கொண்டும் போனால், கலவை லீனாகிச் சில வெடிப்புகள் தவறுகின்றன என்று சந்தேகிக்கலாம். எனது வேனின் கோளாறை அந்தத் தாள் காட்டியிராது, ஏனெனில் அங்கேயும் சுமையில்லாமல்தான் சோதிக்கின்றார்கள். குழாய் ஓட்டைக்காரர்களுக்கு உதவும். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிய தாள்தானே, எறிந்து விடாமல் வைத்திருங்கள்.

கழற்றிய அந்த வலைப்பையை நான் எறியவில்லை. கழுவிக் காயவைத்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கின்றேன். வேன் வைத்திருப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள், கதையைச் சொல்வேன். இதுவரை இரண்டு பேர் நுவரெலியாவுக்குப் போய் அந்தத் தம்பியைக் கண்டிருக்கின்றார்கள். ஒருவருக்குக் கழன்ற குழாய், மற்றவருக்குப் பிளக். மூன்றாமவரும் போனார். சோதிப்பதற்கே 4,500 ரூபாவா என்று சண்டை பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பி வந்து விட்டார். அவருடைய வேனில் இப்போது மூன்றாவது சென்சர் ஓடுகின்றது.